நிலூஷா கோர்த்த ஈயம்

இடுப்பிலிருந்த ஈயக் கட்டிகளைக் கழற்றிக் கரையில் வைத்த பிறகும் பவாஸ் மூழ்கினான்.

திகணையில், மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு விடுதியின் நீச்சல் குளம் அது. பிற்பகல் வெயில் தண்ணீரின் அடிவரை இறங்கி நீல ஓடுகளில் வலை பின்னிக்கொண்டிருந்தது. நீருக்கடியில் சுழியோடப் பழக வருபவர்களுக்கு அவன் முதலில் காட்டும் பாடமே இதுதான். மூச்சு நிரம்பிய மனிதன் தானாக மிதப்பான். கீழே போவதற்குத்தான் ஈயம் வேண்டும். அந்த ஈயமும் ஆளுக்கு ஆள் மாறும், முதுகில் கட்டும் காற்று டேங்குக்கு டேங்க் மாறும், திருகோணமலைக் கடலில் சரியாக இருப்பது விக்டோரியா நீர்த்தேக்கத்தில் கூடிப்போகும். அதைக் காட்டுவதற்காக, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கைகால்களை அசைக்காமல் ஆழமான பக்கத்தில் நின்றான். தக்கையைப் போல மேலே நிற்க வேண்டிய உடம்பு நிற்கவில்லை. யாரோ தோளில் கை வைத்து அமர்த்துவதைப் போல, அவசரமில்லாமல், தண்ணீர் அவன் தலைக்கு மேலே மூடிக்கொண்டது. பாதங்கள் அடியில் போய்ப் பதிந்தன. நெஞ்சில் மூச்சு முழுதாக இருந்தது. ஆனாலும் ஓர் அறைக்குள் நிற்பவனைப் போல அவன் அங்கே நின்றான்.

ஏணியைப் பிடித்து ஏறித்தான் வெளியே வர முடிந்தது.

"என்ன சேர், நோன்பு புடிச்சும் எட கொறயல்லயா?" பழக வந்த அகீல் கரையில் இருந்தபடி சிரித்தான். கண்டியில் வங்கியொன்றில் வேலை செய்பவன். எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பான். "விடியச் ஸஹருக்கு ரெண்டு ஆள்ட சாப்பாடு போல."

பவாஸும் சிரித்தான். உடை மாற்றும் அறையிலிருந்த தராசில் ஏறிப் பார்த்தான். போன மாதத்தைவிட மெலிந்திருந்தான். துவாயால் முகத்தைத் துடைத்தபோது குளோரின் மணக்கவில்லை. வேறொன்று மணந்தது. வெயில் படாத சேறும், நாள்பட அழுகிய இலையும், பூட்டி வைத்த தண்ணீரும் கலந்த வாசம். அது இந்தக் குளத்தின் வாசமல்ல. அந்த வாசம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அவனும் மத்தியூவும் ஒன்றாகச் சுழியோடப் படித்தவர்கள். பவாஸின் வீடு கெங்கல்லையில். மத்தியூ பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு திகணையில் குடியேறியவன். நீர்த்தேக்கத்தில் எது விழுந்தாலும் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் தெல்தெனியப் பக்கம் ஒரு படகின் இயந்திரம் கழன்று விழுந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை.

மத்தியூவின் ஈய பெல்ட்டை எப்போதும் அவன் மனைவி நிலூஷாதான் கோர்ப்பாள். ஆடைத் தொழிற்சாலையில் தைத்துப் பழகிய கை. பட்டியில் கட்டிகள் நகராதபடி சின்னச் சின்னப் பைகள் தைத்து, அவற்றுக்குள் ஈயத்தை இட்டு, முதல் நாளே சமையலறை மேசையில் தயாராக வைத்துவிடுவாள். மத்தியூ பாவிக்கும் பெரிய அலுமினிய டேங்குக்கான அளவு அது. அலுமினியம் காற்றுக் குறையக் குறைய மேலே இழுக்கும். அந்த இழுப்பை அடக்கத்தான் அவ்வளவு ஈயம். அந்த அளவைப் பவாஸே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அன்று காலை வேனைத் திறந்தபோதுதான், தன் டேங்கில் காற்று நிரப்ப மறந்துவிட்டது பவாஸுக்குத் தெரிந்தது. மத்தியூ கரையில் படகுக்காரரோடு கயிறு கட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் போய் நிரப்பினால் ஜும்மாத் தொழுகை தவறிவிடும். பவாஸ் மத்தியூவின் பெரிய டேங்கை எடுத்து, தண்ணீரில் ஏறி இறங்குவதற்காகக் காற்றடைக்கும் தன் ஜாக்கெட்டில் பூட்டினான். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன இரும்பு டேங்கை மத்தியூவின் ஜாக்கெட்டில் பூட்டினான். மத்தியூ சின்ன ஆள், மூச்சும் கொஞ்சம், இது போதும் என்று நினைத்தான். இரும்பு டேங்க் தானாகவே கனம். அதோடு போவதென்றால் பெல்ட்டில் பாதி ஈயத்தையாவது கழற்ற வேண்டும். சொல்வோம் என்றுதான் இருந்தான். பின்னால் நின்று ஜாக்கெட்டை மாட்டிவிட்டபோதும் சொல்வோம் என்று இருந்தான். தண்ணீரில் இறங்குமுன் ஒருவர் மற்றவரின் பெல்ட்டையும் காற்றையும் தொட்டுப் பார்த்து, தோளில் இரண்டு தட்டுத் தட்டி "சரி" என்று சொல்வது அவர்களுடைய வழக்கம். அன்று பவாஸ் தோளில் மட்டும் தட்டினான்.

"சுருக்கா மச்சான். ஜும்மாக்குப் போகணும்."

மத்தியூ கல்லைப் போல இறங்கி, அடியிலிருந்த சேற்றில் இடுப்புவரை புதைந்தான். பெல்ட்டைக் கழற்றும் கொளுக்கி சேற்றுக்குள் போய்விட்டது. மேலே வருவதற்காக ஜாக்கெட்டில் காற்றை ஊதி ஊதி, அந்தச் சின்ன டேங்கை அவன் காலிசெய்தான். கலங்கிய நீரில் பவாஸுக்குத் தன் கையே தெரியவில்லை. மத்தியூவை எடுத்தபோது, அடியில் அவன் நின்றபடியே இருந்ததாக எடுத்தவர்கள் சொன்னார்கள்.

மரண விசாரணையில், என்ன காரணம் என்று பவாஸிடம் கேட்டார்கள். பெல்ட்டில் ஈயம் கூடிவிட்டது என்றான். பெல்ட்டைத் தயாரித்தது யார் என்று கேட்டார்கள். அவர்களுடைய வீட்டில் என்றான். டேங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த அறையின் பின்வரிசை வாங்கிலிருந்து நிலூஷா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டதை மட்டும் அவன் கண்டான்.

குளத்திலிருந்து அவன் வீட்டுக்கு வந்தபோது நிலூஷா வந்திருந்தாள்.

"மத்தியூ ஒவ்வொரு நோன்புக்கும் பழம் கொண்டுவருவார்தானே," என்று பவாஸின் மனைவி மஸாஹிரா தாழ்ந்த குரலில் சொன்னாள். "அத விடக் கூடாதெண்டு இந்தப் புள்ள வந்தீக்கி."

மேசையில், தோல் சீவி விதை எடுத்துத் துண்டுகளாக வெட்டிய பப்பாசிப் பழம் ஒரு பாத்திரத்தில் இருந்தது. அதன்மேல் சுத்தமான துணி கட்டியிருந்தது.

"அவுங்களுக்குந்தான் இப்ப தவக்காலம், ஒருசந்தி," என்றாள் மஸாஹிரா. "அவுங்களும் பசியோட, நாங்களும் பசியோட."

"எங்க ஒருசந்தி என்னக்கா, மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டுத்தானே இருக்கோம்," என்று நிலூஷா லேசாகச் சிரித்தாள். மிகவும் மெலிந்திருந்தாள். ஆனாலும் அவள் அசைந்து உட்கார்ந்தபோது கதிரை முனகியது. பவாஸின் பக்கம் திரும்பி, "நானா," என்று அண்ணனைப் போல அழைத்தாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க தங்கச்சி."

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் கோத்தேன்னு நெனக்கிறேன். ஆனா எண்ணிப் பாத்தேனான்னு இப்ப ஞாபகமே வர மாட்டேங்குது. அடுப்புல பால் பொங்கிருச்சு. ஒரு கை அங்க, ஒரு கை இங்க." அவள் தன் விரல்களைப் பார்த்தபடி பேசினாள். "கூடப் போட்டுட்டேனா நானா?"

ஒரு வாக்கியம் போதும். வழியில் கிடக்கும் முள்ளை எடுத்து ஓரமாகப் போடுவதைவிடச் சின்ன வேலை. பவாஸ் வாயைத் திறந்தான். பொலிஸ், உரிமம், மஸாஹிராவின் முகம், பள்ளிவாசலில் தன்னைப் பார்த்துத் திரும்பும் தலைகள், எல்லாம் அந்த வாய்க்குள் வந்து அடைத்துக்கொண்டன.

"ரப்புட நாட்டம் தங்கச்சி," என்றான். "அத யோசிக்காதீங்க."

இறைவனின் பெயரை ஒரு திரைச்சீலையைப் போல இழுத்துவிட்டு, அதன் பின்னால் நின்றுகொண்டான். அவள் தலையாட்டினாள். அவன் தன்மீது இரங்கி மறைக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டது அந்தத் தலையாட்டலில் தெரிந்தது.

"மாமி என் கையால தண்ணி வாங்க மாட்டேங்குறாங்க. பரவால்ல, மகனப் பறிகொடுத்தவங்க." பிறகு, "ஞாயித்துக்கெழம அந்த எடத்துக்கு என்னய ஒருக்கா கூட்டிட்டுப் போறீங்களா? பூ போடணும்," என்றாள்.

அவன் சரி என்றான். வேறென்ன சொல்வான்?

அன்று நோன்பு திறந்து, அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு நின்றான். உள்ளறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறையில் மஸாஹிரா கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பூனை எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. அவன் ஸஜ்தாவில் நெற்றியைப் பாயில் வைத்தான். எழும்ப முடியவில்லை. முதுகின் நடுவே, டேங்க் இருக்கும் இடத்தில், உருளையான ஒரு குளிர்ந்த பாரம் அழுத்திக்கொண்டிருந்தது. மின்விசிறியின் சத்தம் ஏதோ தடித்த ஒன்றுக்கு அப்பாலிருந்து கேட்பதைப் போலத் தேய்ந்தது. தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. வாய்க்குழாய் வழியாக இழுக்கும் மூச்சு. இழுப்பு, பிறகு குமிழிகளின் கலகலப்பு. இழுப்பு, கலகலப்பு.

பிறகு அவன் மூச்சை நிறுத்திப் பார்த்தான்.

சத்தம் நிற்கவில்லை.

அது அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது. குறுகிய, சிக்கனமான மூச்சு. அவனுக்கு நன்கு பழக்கமான மூச்சு. பின்பு இரண்டு கைகள் அவன் இடுப்பைத் தொட்டன. கடுமையில்லை. பொறுப்பான ஒரு தொழிலாளியின் கைகள். பெல்ட் இருக்க வேண்டிய இடத்தை இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவிப் பார்த்தன. கொளுக்கியை இழுத்துப் பார்த்தன. தோளில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

மஸாஹிரா வந்து பார்த்தபோது பவாஸ் தொழுகைப் பாயில் பக்கவாட்டில் கிடந்தான். சட்டையின் தோளில் ஈரமான சேறு இருந்தது.

"என்ன நடந்த? எங்க போட்டுப் பெரட்டின இந்தச் சட்டய?" அவள் பயத்தில் அதட்டினாள். "ஏன் பேசாம ஈக்கிறீங்க? என்னெண்டாலும் செல்லுங்களேன்."

"ஒண்டுமில்ல," என்றான் பவாஸ்.

அதைச் சொன்ன கணத்தில், தன் இடுப்பில் இன்னுமொரு கட்டி ஏறியதை அவன் உணர்ந்தான்.

அதன்பின் எல்லா நாளும் அப்படித்தான். மனைவியிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால் ஒரு கட்டி. நிலூஷா கொடுத்தனுப்பிய பழத்தைத் தின்றால் ஒரு கட்டி. தராசு மட்டும் அவன் மெலிந்துகொண்டே போவதாகச் சொல்லியது. படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஏறினான். கட்டிலின் பலகை ஒரு மாலையில் இரண்டாக முறிந்தது. யாருமில்லாத நேரம் பார்த்துக் குளத்துக்குப் போய், காற்றுத் தீர்ந்த பெரிய அலுமினிய டேங்குகள் இரண்டை அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அவை ஓர் ஆளைச் சுலபமாகத் தூக்கிப் பிடிக்கும். அவற்றையும் இழுத்துக்கொண்டு அவன் அடிக்குப் போனான். ஓடுகளின்மேல், வலை பின்னும் வெயிலுக்குக் கீழே நின்றபோது, பக்கத்தில் யாரோ சேற்றிலிருந்து காலை உருவுவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. அந்தக் குளத்தில் சேறு கிடையாது.

ஒருமுறை நிலூஷாவின் வீட்டுப் படலைவரை போனான். வாசலில் மத்தியூவின் தாய் தானே குடத்தில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். குடம் சாய்ந்து, தண்ணீர் சேலையில் சிந்தியது. பின்னால் நிலூஷா வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபடி நடந்தாள். கிழவி திரும்பிப் பார்க்கவில்லை. பவாஸ் படலையைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டு திரும்பினான். செருப்புகள் தாரில் பதிந்து பதிந்து எழுந்தன.

ஞாயிறு பின்னேரம் தெரிந்த மீனவர் ஒருவரிடம் கண்ணாடியிழைப் படகொன்றைக் கேட்டு வாங்கினான். நீர்த்தேக்கம் அசைவில்லாமல் கிடந்தது. மழையில்லாத மாதம், நீர் இறங்கிய கரைகளில் வெடித்த சேறும் மூழ்கிப்போன பழைய ஊரின் சுவர்த் துண்டுகளும் தெரிந்தன. நிலூஷா வெள்ளைச் சேலையில், மடியில் பூக்களோடு முன்பக்கம் உட்கார்ந்தாள். கூடவே ஒரு சின்னப் பொட்டலம்.

"பேரீச்சம்பழம்," என்றாள். "நோம்பு தொறக்கிற நேரத்துல நம்ம நடுத் தண்ணில இருந்தா நீங்க என்ன செய்வீங்க? அதான் வாங்கியாந்தேன்."

அவன் துடுப்பை வலித்தான். ஆறு பேர் ஏறும் படகு. இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆனாலும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"போட்டு ரொம்பத் தாழுதே நானா."

"பழைய போட்."

படகு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

இடம் வந்தது. அடையாளம் ஒன்றுமில்லை. வாசம் இருந்தது. நிலூஷா செபம் சொல்லி, குனிந்து, பூக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். குனிந்தபோது சேலை விலகியது. இடுப்பில் கறுப்புப் பட்டி. தைத்த சின்னச் சின்னப் பைகள். பைகளுக்குள் ஈயம். பட்டி உரசிய இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"தங்கச்சி, என்ன இது?"

அவள் வெட்கப்பட்டுச் சேலையை இழுத்து மூடினாள். "பொலிஸ்ல திருப்பிக் குடுத்தாங்க. தவக்காலம் முடியிற வரைக்கும் கட்டிக்கிறேன்னு நேந்துகிட்டேன். ஒறுத்தல் மாதிரி. அவரு சொமந்தத நானும் கொஞ்சம் சொமக்கணும்ல? என் கையால கோத்ததுதானே."

தண்ணீர் விளிம்பைத் தொட்டது. ஒரு மெல்லிய நாக்கைப் போல உள்ளே வந்து அவன் பாதத்தை நனைத்தது. குளிர்.

"கழட்டுங்க."

"வேணாம் நானா."

"போட் தாழுது! கழட்டுங்க!"

"நேர்த்தி நானா. முடியிறதுக்கு முந்திக் கழட்ட மாட்டேன்." அவள் அழவில்லை. பயப்படவுமில்லை. "நான் செஞ்சதுக்கு இதுகூட இல்லன்னா எப்படி?"

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அவன் வாயிலிருந்து வாக்கியத்தின் பாதி வெளியே வந்தது.

"நீங்க கோத்தது சரி."

அவள் நிமிர்ந்தாள்.

"ஒரு கட்டிகூட கூடல்ல. அவன எடுத்த பொறகு நான் எண்ணிப் பார்த்த. சரியாத்தான் ஈந்திச்சி."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அவள் முகத்தில் என்னவோ உடைந்தது. இரண்டு கைகளையும் மறுபடி விரித்துப் பார்த்தாள். அந்த இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, இத்தனை நாள் அழாததையெல்லாம் அழுதாள். பிறகு கொளுக்கியை அவிழ்த்தாள். பெல்ட் படகின் அடியில் விழுந்தது. படகு எழும்பியது. சத்தமில்லாமல், ஒரு பெரிய மூச்சை இழுப்பதைப் போல எழும்பியது. விளிம்பு தண்ணீரைவிட்டு விலகியது. பவாஸின் தோள்கள் லேசாயின. இவ்வளவுதானா? இவ்வளவு சின்னதா?

"அப்ப எப்படி நானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "ஈயம் கூடினதுன்னு சொன்னீங்களே. கோத்தது சரின்னா, யாரு தப்பு?"

மீதி வாக்கியத்தை விட்டுவிட்டு, அவன் துடுப்பைக் கையில் எடுத்தான்.

"தெரியா," என்றான் பவாஸ்.

தூரத்தில், தெல்தெனியப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் நீரின்மேல் மெல்லியதாக வந்தது. நிலூஷா பொட்டலத்தைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நேரமாச்சு. மொதல்ல இதச் சாப்புடுங்க. அப்புறமா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் கை நீட்டவில்லை.

அவளுக்குப் பின்னால், பூக்களுக்கு நடுவே, நீர் பிளந்தது. நனைந்த தலைமுடி. நெற்றி. புருவம். அதோடு நின்றது.

ஈயம் சரியாக இருக்கும் சுழியோடி, மூச்சைப் பிடித்து அசையாமல் நின்றால், தண்ணீர் சரியாக அவன் கண்மட்டத்தில் நிற்கும். மூச்சை விட்டால் மெல்ல மூழ்குவான். பவாஸும் மத்தியூவும் ஒன்றாகப் படித்த முதல் சோதனை.

தண்ணீர் அந்தக் கண்களின் நடுவே கோடு போட்டிருந்தது. கண்களில் சேறு. இமைக்கவில்லை. கோபமில்லை. பூக்கள் வந்து நெற்றியில் முட்டி விலகிப் போயின. குமிழி ஒன்றுகூட இல்லை.

"சொல்லுங்க நானா," என்றாள் நிலூஷா, பழத்தை நீட்டியபடியே. "யாரு?"

பாங்கு முடிந்தது. நீர் அசையவில்லை.

மத்தியூ இன்னும் மூச்சை விடவில்லை.